டாக்டரம்மா சொன்னபடி

புக்கிட் கெனாங்கா தோட்டம்,
சிரம்பான்.
12.2.1956

அன்புள்ள தங்கை மயிலம்மாளுக்கு அக்கா பஞ்சாலை எழுதுவது. நானும் உன் மாமாவும் பிள்ளை மாணிக்கமும் அம்மன் காவலில் இருக்கிறோம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வந்தபோது உன் கழுத்தெலும்பு தெரிந்தது. அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நீ பொங்கலுக்கு வந்துபோன பிறகு நம் லயத்து வீடுகளைச் சுற்றி இரண்டாவது முள்வேலியும் போட்டுவிட்டார்கள். அரிசியை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. பொதுச் சமையல் கொட்டகையில் சோறாக வடித்துத்தான் கொடுக்கிறார்கள். பால் டின்னைக் கடைக்காரர் விற்கும்போதே ஓட்டை போட்டுவிடுகிறார். காட்டில் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு யாரும் கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாதாம். ஓட்டை போட்ட பால் மறுநாள் புளித்துவிடுகிறது. மாணிக்கத்துக்கு இப்போது பால்தான் தொண்டையில் இறங்குகிறது.

அவனைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ பார்த்தபோது கால்கள் விறைத்து மட்டும் இருந்தன. இப்போது கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. கழுவிவிடத் தொடையைப் பிரிக்க எனக்கும் உன் மாமாவுக்கும் முடியவில்லை. மலைப்பக்கம் பட்டாளத்தார் பீரங்கி சுட்டால் உடம்பு மொத்தமும் வில்லாக வளைந்துவிடுகிறது. சத்தம் நின்றாலும் அவன் தளர்வதற்கு மத்தியானம் ஆகிறது. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். சத்தம் காது வழியாக மட்டும் வருவதில்லை போலிருக்கிறது.

வேலைக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் அவனை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாரியம்மா கால் புண்ணோடு வீட்டில் இருப்பதால் அவளிடம் விட்டுவிட்டு, விடியக்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகிறேன். நம் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் கனகசுந்தரம் ஐயா சீட்டு எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய்வந்தோம். லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வரும் நரம்பு வியாதி என்றார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள் என்றார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை.

நீ இருக்கும் ஊரில் பெரிய பெரிய டாக்டர்கள் இருப்பார்கள். நீ படித்தவள். கேட்டு எழுது. இரண்டு வயது வரை நடந்தவன் என்பதை மறக்காமல் சொல்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
பஞ்சாலை


சிங்கப்பூர்,
20.2.1956

அன்புள்ள அக்காவுக்கு மயிலு எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். மாமாவின் இருமல் குறைந்ததா? மாணிக்கத்துக்கு என் முத்தம்.

உன் கடிதத்தை நூலகத்தில்தான் பிரித்தேன். இங்கே என் வேலை, திரும்பி வரும் புத்தகங்களை அதனதன் இடத்தில் வைப்பதும் அட்டை எழுதுவதும். யாரும் யாரிடமும் பேசக் கூடாத இடம். எனக்குப் பொருத்தமான வேலை என்று விடுதியில் உடன் இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். கூட்டம் அதிகம். டாக்டரைப் பார்க்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை கட்டாயம் பார்த்துவிடுவேன். அதுவரை அவனைக் குளிரில் விடாதே.

உங்கள் எல்லாருடைய நலத்தையும் நாடும்,
மயிலு


புக்கிட் கெனாங்கா,
18.3.1956

அன்புள்ள மயிலுவுக்கு. இங்கே ஒருவாறு இருக்கிறோம். உன் சுகத்தை எழுது.

மூன்று சனிக்கிழமை போய்விட்டதே, கடிதம் இல்லையே என்று எழுதுகிறேன். நீ சின்னதில் உப்பு வாங்கப் போனால்கூடக் கடைக்காரர் தானாக நிமிர்ந்து பார்க்கும்வரை வாசலிலேயே நிற்பாய். பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் வந்து உனக்காகக் கேட்பேன். இப்போது நான் வர முடியாது. நீயே கேட்டுவிடு கண்ணு.

இடது கால் பெருவிரல் வலது கணுக்காலில் குத்திப் புண்ணாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் துணி சுருட்டி வைத்தால் துணியையும் நெரித்துவிடுகிறான். உன் மாமா நேற்று அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, "டேய், இவ்வளவு பலம் இருக்கேடா ஒனக்கு, வாடா, எங்கூட ரப்பர் மரம் வெட்ட வாடா" என்றார். சிரிக்கிற மாதிரி சொன்னார்.

பஞ்சாலை


சிங்கப்பூர்,
2.4.1956

அன்பு அக்காவுக்கு மயிலுவின் வணக்கம். எல்லாரும் சுகம்தானே?

நல்ல செய்தி. ஒரு டாக்டரம்மா சொன்னதை எழுதுகிறேன். கவனமாக வாசி. மாமாவுக்கும் வாசித்துக் காட்டு.

முதலில் வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்து இரண்டு தொடைகளிலும் கால் மணி நேரம் சுற்றி வைக்க வேண்டும். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, ஒருவர் இடுப்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் முட்டியைப் பிடித்துக் காலை வெளிப்பக்கமாக மெல்ல விரித்து, போகிற மட்டும் போனபின் அப்படியே நிறுத்தி முப்பது வரை எண்ண வேண்டும். பிறகு முட்டியை நேராக நீட்டி முப்பது. பிறகு பாதத்தை மேல்நோக்கி மடக்கி முப்பது. ஒரு காலுக்குப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. குழந்தை அழுதாலும் பாதியில் விடக் கூடாது. விட்டால் தசை பழைய நிலைக்குப் போய்விடும்.

படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். அம்புக்குறி போகும் பக்கம் கால் போக வேண்டும்.

மூன்று மாதம் தவறாமல் செய்தால் பலன் தெரியும் அக்கா. என்னால் இதையாவது செய்ய முடிந்ததே என்றிருக்கிறது.

உன் அன்புத் தங்கை,
மயிலு


புக்கிட் கெனாங்கா,
27.5.1956

என் அருமைத் தங்கைக்கு அக்கா எழுதுவது. நீ நன்றாக இருக்க வேண்டும். உன்னையும் அந்த டாக்டரம்மாவையும் நினைக்காமல் நான் விளக்கு ஏற்றுவதில்லை.

தினமும் இரண்டு மணிக்கு ரப்பர்ப் பாலைக் கொட்டகையில் கொடுத்துவிட்டு வந்ததும் முதல் வேளை, சாயங்காலம் ஒரு வேளை. விறகு பொறுக்க வேலிக்கு வெளியே போக முடியாது. அதனால் கரி வாங்கித்தான் வெந்நீர் வைக்கிறோம். உன் மாமா இடுப்பைப் பிடிப்பார். நான் காலை விரிப்பேன். எண்ணுவது மாரியம்மா, தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தபடி. அவன் அழுகையைக் கேட்டுவிட்டு இருபத்து மூன்றிலிருந்து நேராக முப்பதுக்குத் தாவிவிடுகிறாள்.

"ஏண்டி, நடுவுல உள்ளத எங்க முழுங்கின?" என்றேன்.

"பாவம்லா புள்ள. ஆறு நம்பர் கொறஞ்சா சிங்கப்பூர்லருந்து ஒன் டாக்டரம்மா வந்து கேக்கவா போறா?" என்றாள்.

நான் மனசுக்குள்ளேயே மீதி ஆறையும் எண்ணிவிட்டுத்தான் கையை எடுக்கிறேன்.

பலன் இருக்கிறது மயிலு. முன்பு இரண்டு முட்டிக்கும் நடுவில் என் இரண்டு விரல் நுழையாது. இப்போது வெந்நீர் ஒத்தடம் கொடுத்த கையோடு உள்ளங்கை நுழைகிறது. கழுவிவிட முடிகிறது. புண் ஆறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி முறுக்கிக்கொள்கிறான். ஆனாலும் உள்ளங்கை நுழைகிறது.

டிரசர் ஐயாவிடம் உன் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். எந்த டாக்டர், பெயர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். அவரே அந்த அம்மாவுக்கு இங்கிலீஷில் எழுதுகிறாராம். நானும் ஒரு முடிவு செய்திருக்கிறேன். ஜூலை மாதம் பத்து நாள் லீவு கேட்டு, பயணத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கி, மாணிக்கத்தைத் தூக்கிக்கொண்டு ரயிலில் அங்கே வந்துவிடுகிறோம். படம் போட்டே இவ்வளவு செய்த அம்மா, பிள்ளையை நேரில் பார்த்தால் இன்னும் எவ்வளவு செய்வார்கள். தோட்டத்து ஆபீஸ் கிராணியார் முருகேசு மனு எழுதிக் கொடுத்துவிட்டார். டாக்டரம்மா பெயர் அதில் எழுத வேண்டும். உடனே பதில் போடு.

பஞ்சாலை


சிங்கப்பூர்,
12.6.1956

அன்பு அக்காவுக்கு. நான் சுகம். உள்ளங்கை நுழைகிறது என்ற வரியைப் பல தடவை வாசித்தேன்.

ஜூலையில் வர வேண்டாம். டாக்டரம்மா விடுப்பில் போகிறார். எப்போது திரும்புவார் என்று தெரியாது. வழியெல்லாம் சோதனை, அவ்வளவு தூரம் ரயிலில் குழந்தை தாங்க மாட்டான். டிரசர் ஐயாவும் இப்போது எழுத வேண்டியதில்லை. அந்த அம்மா வந்ததும் நானே பெயரையும் விலாசத்தையும் அனுப்புகிறேன்.

அதுவரை பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. பலன் தெரியும் நேரத்தில் தளர்த்தக் கூடாது. மாரியம்மா அக்கா இரக்கப்படுவது சரிதான், ஆனால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம். முடிந்தால் முப்பதை ஐம்பது ஆக்கலாம். கால் இன்னும் கொஞ்சம் விரிந்தபிறகு வருவது பற்றி யோசிக்கலாம்.

இங்கே மழை. வேறு விசேஷம் இல்லை.

மயிலு


சிங்கப்பூர்,
22.7.1956

அன்பு அக்காவுக்கு. ஆறு வாரமாக உன் கடிதம் இல்லை. தபால் பையை அறுத்துப் பார்த்துத் தாமதமாக்குகிறார்கள் என்று விடுதியில் சொல்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். மாமாவுக்கு உடம்பு சரியில்லையா? மாணிக்கம் எப்படி இருக்கிறான்? நான் வர வேண்டாம் என்று எழுதியதில் உனக்கு வருத்தமா?

ஒரு வரியாவது போடு.

மயிலு


புக்கிட் கெனாங்கா,
5.8.1956

அன்புள்ள மயிலுவுக்கு அக்கா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

மாணிக்கம் கட்டிலிலிருந்து விழுந்து இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து பாதம் வரை மாக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். நீ கவலைப்படாதே.

போன வாரம் கட்டைக் காட்ட மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோட்டத்து வாசலில் ஒரு கூத்து. முன்பெல்லாம் டிரசர் ஐயாவின் சீட்டைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ சைக்கிள் டியூபுக்குள் அரிசியை அடைத்து வெளியே கொண்டுபோனது பிடிபட்டதாம். அதனால் இப்போது எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிறார்கள். பெண்களைச் சோதிக்கிறவள் புதிதாக வந்தவள். மாக்கட்டைத் தட்டினாள். உள்ளே என்ன என்றாள். "காலுதான் இருக்கு, வேற என்ன இருக்கும்" என்றேன். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய கட்டா என்று இன்னொருவனைக் கூப்பிட்டாள். அவன் கத்தியால் தொடைக்கு நேராக ஒரு ஜன்னல் மாதிரி வெட்டினான். உன் மாமா கத்தினார். மாணிக்கம் விறைத்த விறைப்பில் கட்டு நடுவில் விரிந்துவிட்டது. உள்ளே பார்த்தார்கள். பஞ்சும் காலும் இருந்தது. அந்தப் பெண் முகம் வெளுத்துப்போய்த் தன் கைக்குட்டையை எடுத்து ஓட்டையில் வைத்து அமுக்கினாள். அவளும் பிள்ளை பெற்றவளாக இருப்பாள். ஆஸ்பத்திரியில் மறுபடி புதுக் கட்டுப் போட்டார்கள். எலும்பு கொஞ்சம் விலகித்தான் சேருமாம்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

பஞ்சாலை


டிஸ்பென்சரி,
புக்கிட் கெனாங்கா தோட்டம்.
14.8.1956

செல்வி மயிலம்மாள் அவர்களுக்கு,

கனகசுந்தரம் எழுதிக்கொள்வது. உமது சுகத்துக்கு இறைவனை வேண்டுகிறேன். உம்மைப் பள்ளிக்கூடப் பிள்ளையாக, காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்து வாய் திறவாமல் நின்ற காலம் முதல் அறிவேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். இக்கடிதம் எழுதுவது உமது தமக்கைக்குத் தெரியாது. எழுத வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டவரும் அவரே.

குழந்தை கட்டிலிலிருந்து விழவில்லை. ஜூலை எட்டாம் திகதி மத்தியானம், நீர் அனுப்பிய படத்தின்படி காலை விரித்துக்கொண்டிருக்கையில் தாயின் கையிலேயே எலும்பு முறிந்தது. சத்தம் கேட்டதாகத் தகப்பன் சொன்னான். அன்று முதல் தாய் குழந்தையைத் தொடத் தயங்குகிறார். பால் கொடுப்பதும் கழுவுவதும் தகப்பனும் அயல்வீட்டு மாரியம்மாவுமே.

இரண்டு ஆண்டுகளாக நிற்காத, நடக்காத பிள்ளையின் எலும்பு மிகவும் மெலிந்திருக்கும். அதைப் பலங்கொண்டு விரிப்பது ஆபத்து. படத்தைப் பார்த்த அன்றே எனக்கு ஐயம் உண்டானது. பெரிய டாக்டர் ஒருவர் சொன்னதை ஒரு தோட்டத்து டிரசர் எப்படி மறுப்பது என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பங்கு என்னுடையது.

குழந்தையைப் பாராமல் இப்படி ஒரு சிகிச்சையை எந்த மருத்துவரும் சொல்லியிருப்பார் என்று நம்ப இயலவில்லை. அவர் சொன்னதை நீர் தவறாக விளங்கிக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து அந்த மருத்துவரின் பெயரை எனக்கு அறியத் தாரும். இனி என்ன செய்யலாம் என்று அவரிடம் கேட்க வேண்டும். இங்கே எனக்குத் தெரிந்ததெல்லாம் முடிந்துவிட்டது.

இவ்வண்ணம்,
வே. கனகசுந்தரம்


சிங்கப்பூர்,
26.8.1956

அக்காவுக்கு,

டிரசர் ஐயா எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அவர்மேல் கோபப்படாதே.

டாக்டரம்மா என்று யாரும் இல்லை.

மூன்று சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனது நிஜம். சீட்டு எழுதுகிறவர் "நோயாளி யார்?" என்று கேட்டார். நோயாளி என்னுடன் இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பின்னால் வரிசை நின்றது. எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது தடவை அவர் கேட்பதற்கு முன்பே வரிசையிலிருந்து விலகி வந்துவிட்டேன்.

பிறகு நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்தேன். எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. இளம்பிள்ளை வாதம் வந்து கால் துவண்டுபோன குழந்தைகளுக்கான பயிற்சிகள் அதில் இருந்தன. மாணிக்கத்தின் கால் துவண்டது அல்ல, முறுக்கியது என்று எனக்குத் தெரியும். முதல் பக்கத்திலேயே, மருத்துவர் பார்த்த பிறகுதான் செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. அதையும் வாசித்தேன். ஆனால் மறுபடி ஒன்றுமில்லாமல் உனக்கு எழுத முடியவில்லை. என் பேச்சாக எழுதினால் நீ செய்ய மாட்டாய் என்று நினைத்து டாக்டரம்மா என்று எழுதினேன். நீ நேரில் வருகிறேன் என்றதும் பயந்துபோய் ஐம்பது எண்ணச் சொன்னேன்.

டிரசர் ஐயாவின் கடிதம் வந்த மறுநாள் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோயாளி யார் என்றார்கள். நெகிரி செம்பிலானில் இருக்கிறான், நாலு வயது, நான் சித்தி என்றேன். நான்கு மணி நேரம் உட்காரவைத்து, நரம்பு வியாதிகளைப் பார்க்கும் ஒரு வயதான டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் முழுவதையும் கேட்டார். புத்தகத்தைப் பற்றியும் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவர் சொன்னது இதுதான். இந்த முறுக்கை நிரந்தரமாகத் தளர்த்தும் மருந்து இன்றைக்கு எங்கும் இல்லை. தசைநாரை வெட்டிவிடும் அறுவை ஒன்று உண்டு. கழுவிவிடச் சுலபமாகும், நடை வராது. எலும்பு இருக்கும் நிலையில் அதையும் இப்போது செய்ய முடியாது. உடம்பைத் தளர்த்தக் கொஞ்சம் மாத்திரை கொடுக்கலாம். அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தார். டிரசர் ஐயாவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். விரிப்பது, இழுப்பது ஒன்றும் கூடாது. தூக்கும்போது காலை நீட்டித் தூக்கக் கூடாது. கட்டுப் பிரித்த பிறகு, இடுப்பையும் முட்டியையும் முதலில் மடக்கி, உருண்டை மாதிரி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டால் முறுக்கு தானாகக் கொஞ்சம் விடும். பக்கவாட்டில் படுக்கவைத்து நடுவில் தலையணை. அவ்வளவுதான் அக்கா. இரண்டு பக்கம் எழுதிக்கொண்டேன். அவ்வளவுதான் தேறியது.

அவனை முறித்தது உன் கை இல்லை. அவனைத் தொடு.

மயிலம்மாள்


புக்கிட் கெனாங்கா,
30.9.1956

மயிலுவுக்கு அக்கா எழுதுவது. சுகம்தானே?

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கரி அடுப்பில் போடப் போனேன். பிறகு மாத்திரை விஷயம் இருக்கிறதே என்று எடுத்து வைத்தேன். கோபமில்லை என்று எழுதினால் அது பொய். ஒரு மாதம் இருந்தது. பால் மரத்துக்கு மரம் போகும்போதெல்லாம் உன்னைப் பேசிக்கொண்டே வெட்டினேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பார்த்துவிட்டு, "யாரோட பஞ்சால, சண்ட?" என்றார். மரத்தோடுதான் என்றேன்.

உன் மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. சிங்கப்பூர் டாக்டரம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "அந்தம்மா சீமைக்கே திரும்பிப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். "நல்ல மனுசி, நம்ம நேரம்" என்றார். அப்படியே இருக்கட்டும். படித்த கொழுந்தி என்று பெரட்டுக் களத்தில் பேசிப் பேசிப் பெருமைப்படுகிற மனுஷன்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. இடது கால் கொஞ்சம் கோணிக்கொண்டு நிற்கிறது. மாத்திரை கொடுத்தால் தளர்கிறான், ஆனால் தூங்கிக்கொண்டே இருக்கிறான். பால் புரையேறுகிறது. கொடுக்காவிட்டால் முறுக்கு. எது நல்லது என்று டிரசர் ஐயாவுக்கும் தெரியவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்துப் பார்க்கிறோம். நீ எழுதிய மாதிரி மடக்கி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். ரொம்ப நாள் கழித்து. அவன் என் முகத்தைப் பார்த்ததும் முதலில் விறைத்தான். என்னைப் பார்த்து விறைத்தான் மயிலு. பிறகு கொஞ்சம் விட்டான்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். அந்த வயதான டாக்டர் சொன்னதை எல்லாம் எழுதினாய். இவன் இன்னும் எத்தனை நாள் இருப்பான் என்று நீ எழுதவில்லை. கேட்கவில்லையா, கேட்டும் எழுதவில்லையா?

இன்னொன்று. "அதுக்கு வலியெல்லாம் தெரியாதுலா, புத்திக்கு எட்டாது" என்று மாரியம்மா சொல்கிறாள். அதை நம்பித்தான் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறேன். அது சரிதானா என்று எழுது. யோசித்து எழுத வேண்டாம்.

பஞ்சாலை


சிங்கப்பூர்,
6.10.1956

அன்பு அக்காவுக்கு மயிலு எழுதுவது.

கேட்டேன் அக்கா. கேட்டும் எழுதவில்லை.

ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம் என்றார். கால் அல்ல, விழுங்குவதும் மூச்சும்தான் முதலில் கெடும். பால் புரையேற ஆரம்பித்தால் எனக்குத் தெரிவியுங்கள் என்றார். நேற்றே போய்த் தெரிவித்தேன். பாலைக் கஞ்சி மாதிரிக் கெட்டியாக்கி, தலையை முன்பக்கம் சாய்த்துக் கரண்டியால் கொடுக்கச் சொன்னார். மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னார்.

வலி தெரியுமா என்பதையும் நேற்றுக் கேட்டேன். தெரியும் என்றார்.

மாமாவிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு மாதம் விடுப்புக் கேட்டிருக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை ரயிலில் சிரம்பானில் இறங்குகிறேன். நீ வேலைக்குப் போகும் நேரத்தில் அவனை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். டாக்டரம்மாவைப் பற்றி மாமாவிடம் நானே சொல்கிறேன்.

மயிலு